முப்பத்தாறுக்குப் பதில் இருபத்தாறு

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ இருக்கும். திருவண்ணாமலையில் ஒரு பாத்திரக்கடை மாடியில் இருந்த சின்ன இன்டர்நெட் கம்பெனியில் எனக்கு வேலை. கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன். பிரவுசிங் சென்டர், லாட்ஜ், நாலைந்து ஆபீஸ் என்று ஊருக்குள் இணைப்பு கொடுத்துக்கொண்டிருந்தோம். பௌர்ணமி வந்தால் கூட்டத்தில் எங்கள் ஒரே லைன் திணறும். அதனால் முதலாளி வேறொரு பெரிய கம்பெனியிடம் இரண்டாவது லைன் வாங்கினார். பௌர்ணமிக்கு முதல் நாள் சாயங்காலம் அதை இணைத்தது நான்தான்.

இன்டர்நெட்டில் ஒவ்வொரு இணைப்புக்கும் வீட்டு முகவரி மாதிரி ஒரு எண் உண்டு. புது லைன் போட்டதும் ஒரு வேலை இருக்கும். "இந்த எண்கள் எங்களுடையவை, இவற்றுக்கு வருவதையெல்லாம் எங்களிடம் அனுப்புங்கள்" என்று, வழி பிரித்து அனுப்பும் பெட்டியான எங்கள் ரவுட்டர் அந்தப் பெரிய கம்பெனிக்கு அறிவிக்க வேண்டும். அவர்கள் பக்கத்துக் கம்பெனிகளுக்குச் சொல்வார்கள், அவர்கள் அடுத்தவர்களுக்கு. சொல்வது நிஜமா என்று அந்தக் காலத்தில் பல பேர் சரிபார்ப்பதே இல்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஒரு போன். பேசியவர் ஈரோடு பக்கம் எங்களைப் போலவே ஒரு சின்ன இன்டர்நெட் கம்பெனியில் வேலை பார்ப்பவர்; தங்களுக்கு வருவது எங்கே போகிறது என்று தடம் பிடித்துப் பார்த்து எங்கள் நம்பரைத் தேடி எடுத்திருக்கிறார்.

"மேடம், எங்க எண்ணுக்கு வர வேண்டியது பாதி உங்க ஊருக்கு வந்துட்டிருக்குதுங்க. கொஞ்சம் பாக்கறீங்களா?"

எங்கள் ஊரில் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு புகார்கூட இல்லை. "எங்க பக்கம் ஒண்ணும் இல்லீங்க, உங்க லைனைப் பாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பத்து மணிக்கு மறுபடியும் கூப்பிட்டார். அதே நிதானம். எனக்குத்தான் எரிச்சல். "பௌர்ணமி முடியற வரைக்கும் எதையும் தொடாதம்மா" என்று முதலாளி சொல்லிவிட்டுப் போயிருந்தார். கீழே தெருவெல்லாம் ஜனம். லாட்ஜ்காரர்கள் வேறு மாற்றி மாற்றிக் கூப்பிட்டு, லைன் நிற்காமல் வருமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். "உங்களுக்கு லைன் கொடுக்கிற கம்பெனியைக் கேளுங்க சார்" என்று கொஞ்சம் காட்டமாகவே சொன்னேன். கேட்டாராம். புகாரை எழுதிக்கொண்டு, ஒரு நாள் ஆகும் என்றார்களாம்.

பதினோரு மணிக்கு மூன்றாவது தடவை.

"நீங்க எதையும் மாத்த வேண்டாங்க. உங்க ரவுட்டர் வெளிய என்ன எண் அறிவிக்குதோ, அதை மட்டும் ஒருக்கா எனக்குப் படிச்சுக் காட்டுங்க. போதும்."

படித்துத் தொலைத்தால் விடுவார் என்று திரையைப் பார்த்துப் படிக்க ஆரம்பித்தேன். முதல் லைனில் சரி. இரண்டாவது லைனில் மூன்றாவது எண்ணை வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் கவனித்தேன். எங்களுடையது முப்பத்தாறு. நான் தட்டியிருந்தது இருபத்தாறு. இருபத்தாறு அவருடையது. எங்கள் சொந்த எண்கள் பழைய லைன் வழியாகவே போய் வந்ததால் எனக்கு எதுவுமே தெரியவில்லை. அவருக்கு வர வேண்டியதில் பாதி எங்கள் மாடிக்கு வந்து வீணாகிக்கொண்டிருந்தது.

அவருக்குப் புரிந்துவிட்டது. "பரவாயில்லீங்க" என்றார். "இப்ப அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துடுங்க. புதுசை அப்புறம் போட்டுக்கலாம்."

அந்த வரியை எடுத்தேன். அந்தச் செய்தி எல்லாக் கம்பெனிக்கும் போய்ச் சேரும்வரை போனை வைக்காமலே இருந்தார். சில நிமிஷம் கழித்து, "வந்துருச்சுங்க" என்றார். அதன் பிறகு சரியான எண்ணை நான் தட்ட, அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

யாருக்கெல்லாம் கஷ்டம் ஆச்சு என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். அங்கே ஒரு ஆஸ்பத்திரி. காலையில் விசைத்தறியில் கை மாட்டிக்கொண்ட ஒருவரைக் கொண்டுவந்திருக்கிறார்கள். கையின் படங்களைச் சென்னை டாக்டருக்கு அனுப்பி யோசனை கேட்க வேண்டும். போகவே இல்லை. கடைசியில் ஆளையே வண்டியில் ஏற்றிக் கோயமுத்தூருக்கு அனுப்பிவிட்டார்களாம்.

"இதை முதல் போன்லயே சொல்லியிருக்கலாமே சார்?"

"சொன்னா பதறிப் போயி வேற எதையாச்சும் தட்டிருவீங்க. அப்புறம் எங்களுதும் வராது, உங்க ஊரும் நிக்கும்."

முதலாளி வந்ததும் நடந்ததைச் சொன்னேன். திட்டினார், ஆனால் வேலையை விட்டு அனுப்பவில்லை. நாலு நாள் கழித்து, மனசு கேட்காமல் நானே ஈரோட்டுக்குப் போன் போட்டேன். அந்தக் கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். ரெண்டு விரல் எடுத்துவிட்டார்கள், மற்றதெல்லாம் காப்பாற்றிவிட்டார்கள் என்றார். "அந்த ரெண்டும் எப்படியும் போயிருக்கும்னு டாக்டரே சொல்லிட்டாருங்க" என்றும் சொன்னார்.

அவரை நான் நேரில் பார்த்ததே இல்லை. அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களில் எத்தனையோ ரவுட்டர்களைப் பார்த்துவிட்டேன். யாராவது போன் செய்து "உங்க பக்கம் பாருங்க" என்றால், மறுபேச்சுப் பேசாமல் முதலில் பார்க்கிறேன். அந்த ரெண்டு விரலைப் பற்றி டாக்டர் உண்மையிலேயே அப்படிச் சொன்னாரா, இல்லை எனக்காக அவராகவே சொன்னாரா என்பது மட்டும் இன்றுவரை தெரியாது. கேட்கிற தைரியமும் எனக்கு வரவில்லை.