தொடக்கூடாத தண்ணீர்

மாமல்லபுரம் பக்கம் ஒரு கடற்கரை விடுதியில் இப்போது எனக்கு வேலை. அறை பெருக்க வந்தவரோ தோசை ஊற்ற வந்தவரோ, புதிதாகச் சேரும் ஒவ்வொருவரையும் முதல் நாளே நீச்சல் குளத்துக்கு அழைத்துப் போவேன். சுவரில் மாட்டியிருக்கும் மிதவை வளையத்தை எடுத்துத் தண்ணீரில் வீசச் சொல்வேன். ஒருமுறை போதாது, மூன்று முறை. "சாருக்கு மறை கழண்டுகீது மச்சான்" என்று மீனவர் குப்பத்திலிருந்து வரும் உயிர்காப்பாளர்கள் என் காதில் விழும்படியே பேசிக்கொள்வார்கள். பேசட்டும். வளையம் அழுக்காகிறது என்று மேலாளர் முறைப்பார். முறைக்கட்டும். அழுக்குப்படாமல் ஒரு பொருளைக் காப்பாற்றினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

அதற்கு முன் மறைமலைநகரில் இருந்தேன். கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலை. பெயிண்ட் அடிப்பதற்கு முன் இரும்புச் சாமான்களைக் கழுவித் தரும் வேலையை ஓர் ஒப்பந்ததாரர் எடுத்திருந்தார். அவரிடம் நான் பாதுகாப்பு மேற்பார்வையாளர். டிப்ளமோ படிப்பு, வெள்ளை ஹெல்மெட், கையில் ஒரு அட்டை, அதில் டிக் அடிக்க ஒரு பேனா. செங்கல்பட்டிலிருந்து ரயிலில் போய் வருவேன். முப்பது பேர் என்னை சார் என்று கூப்பிட்டார்கள். அந்த வயதில் அது எளிதில் தலைக்கு ஏறிவிடும்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு. இன்றைக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அவசரகாலப் பாதுகாப்புச் சாதனங்களை ஒப்பந்ததாரரே அளித்து, எந்நேரமும் சுத்தமாகவும் இயங்கும் நிலையிலும் பராமரிக்க வேண்டும். அவற்றைப் பயன்படுத்தும் முறையைத் தொழிலாளருக்குக் கற்பிக்க வேண்டும். இந்த வரிப்படி நாங்கள் வாங்கி வைத்த சாமான்களில் ஒன்று கண் கழுவும் தொட்டி. இடுப்புயரத்தில் ஒரு எவர்சில்வர் கிண்ணம். காலால் மிதித்தால் இரண்டு குழாய்களிலிருந்து தண்ணீர் மெல்ல மேலே எழும். கண்ணில் ரசாயனம் பட்டவர் குனிந்து முகத்தை அதில் காட்ட வேண்டும். குடிக்கத் தகுந்த தண்ணீர்தான் அதில் வரவேண்டும் என்றும் ஒப்பந்தம் சொன்னது. அதற்காகவே தனியாக ஒரு தொட்டி வைத்து நல்ல தண்ணீர் நிரப்பினோம்.

வினை அங்கேதான் தொடங்கியது. நாங்கள் வேலை செய்த ஷெட்டில் மற்றபடி வந்ததெல்லாம் போர்வெல் தண்ணீர். உப்பு. சோப்பு நுரைக்காது. கேன்டீன் நிரந்தரத் தொழிலாளர்களுக்கு மட்டும்தான். எங்கள் ஆட்கள் ஷெட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். முப்பது பேருக்கு ஒரு குழாய், அரை மணி நேரம். நல்ல தண்ணீர் பத்தடியில் இருக்கும்போது யார்தான் வரிசையில் நிற்பார்கள்? சோற்று டப்பாவை அந்தக் கிண்ணத்தில் கழுவ ஆரம்பித்தார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஒரு நாள் தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி சோதனைக்கு வந்தார். கிண்ணத்தைச் சுற்றி விரலை ஓட்டினார். விரல் நுனியில் ஒரு சோற்றுப் பருக்கையும் ஒரு கறிவேப்பிலையும் ஒட்டிக்கொண்டு வந்தன. அதை அப்படியே என்னிடம் காட்டினார். பிறகு புகார் எழுதினார். கடுகு போன இடம் ஆராய்வார், பூசணிக்காய் போன இடம் தெரியாது என்பார்கள். முப்பது பேருக்கு ஒரு குழாய் என்பதை அவர் எழுதவில்லை. அன்று மாலை ஒப்பந்ததாரர் என்னைப் போனில் வறுத்து எடுத்தார். ஒப்பந்தம் புதுப்பிக்கிற நேரம் அது.

மறுநாள் மதியம் சாமான் ஏற்றும் மரத்தட்டுகளின் அடுக்குக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். மாட்டியவர் மதுராந்தகம் பக்கத்துப் படாளத்துக்காரர். நாற்பத்தைந்து வயது இருக்கும். பல வருடம் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவர். அதிகம் பேசமாட்டார். டப்பாவை அவ்வளவு பொறுமையாக, மூடியின் விளிம்பில் விரலை விட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்.

"யோவ், இன்னா பண்ற?"

"நல்ல தண்ணி சார். சோப்பு நல்லா நுரைக்குது. அதான்…"

"உன் வூட்டுக் கொல்லையா இது? ஆடிட்டுக்கு வெச்சிகீது. இன்னொரு வாட்டி இதத் தொட்டே, கேட்டுக்கு வெளிய போயிடுவே. தொடாத! புரிஞ்சுதா?"

என்னைவிட இருபது வயது மூத்தவர். எல்லோரும் சாப்பாட்டில் கைவைத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் உறைக்கட்டும் என்று அவரை அன்று வேலையை விட்டு அனுப்பினேன். ஆட்களை ஏற்றிப்போகும் வேன் சாயங்காலம்தான் வரும். உச்சி வெயிலில் பஸ் பிடிக்க ஜி.எஸ்.டி. ரோடுவரை நடந்து போனார்.

அதன் பிறகு கிண்ணத்தின் மேல் கனமான பிளாஸ்டிக் உறை போட்டு நைலான் கயிற்றால் கட்டினேன். 'அவசரத்துக்கு மட்டும்' என்று சிவப்பில் பலகையும் வைத்தேன். ஒருவரும் பக்கத்தில் போகவில்லை. திங்கட்கிழமைதோறும் நானே முடிச்சை அவிழ்த்து, மிதித்துப் பார்த்து, துடைத்து, மறுபடி கட்டி டிக் அடிப்பேன். கற்பிக்க வேண்டும் என்று இருந்ததே, அதற்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோரையும் நிறுத்தி ஒரு பக்கம் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவேன். ஒருவரையாவது மிதித்துப் பார்க்கச் சொன்னேனா? இல்லை. துடைத்து வைத்த பாத்திரத்தில் கறை விழுமே. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான். அந்தத் தண்ணீருக்கு நான்தான் பூசாரி.

அது நடந்தது மதியச் சாப்பாடு முடிந்த கொஞ்ச நேரத்தில். சாமான் கழுவும் சுடுதண்ணீர்த் தொட்டியில், பிசுக்கு எடுக்கும் காஸ்டிக் சோடா போடும் வேலை படாளத்துக்காரருக்கு. ஆவியில் பாதுகாப்புக் கண்ணாடி மங்கியிருக்கிறது. அளவு தெரியவில்லை என்று நெற்றிக்கு ஏற்றியிருக்கிறார். அந்த ஒரு நொடியில் தொட்டி பொங்கித் தெறித்தது.

அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு ஓடுவதை என் அறையிலிருந்து பார்த்தேன். கண் கழுவும் தொட்டி அவருக்கு நாலு எட்டில் இருந்தது. அவர் ஓடிய வழியிலேயே இருந்தது. அதைத் தாண்டி ஓடினார். ஷெட்டின் அந்தக் கோடியில் இருக்கும் கழிப்பறைக்கு ஓடினார்.

ஒன்றும் புரியாமல் பின்னால் ஓடினேன். நூல் போல ஒழுகிய குழாயின் அடியில் இரண்டு கையையும் ஏந்தி, அந்த உப்புத் தண்ணீரைக் கண்ணில் அடித்துக்கொண்டிருந்தார். நானும் இன்னொருவரும் அவரை இழுத்துக்கொண்டு திரும்பி வந்தோம். உறையின் முடிச்சு அவிழவில்லை. நானே போட்ட முடிச்சு, எனக்கே அவிழவில்லை. பல்லால் இழுத்தேன். கடைசியில் கூட வந்தவர் பிளாஸ்டிக்கைக் கிழித்தார். தலையைப் பிடித்து அமுக்கியபோது அவருடைய கை கிண்ணத்தின் விளிம்பில் பட்டது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"சார், இது வேணாம் சார்" என்றார்.

நான் மிதித்தேன். தண்ணீர் ஒரே உயரத்துக்கு இரண்டு தாரையாக எழுந்தது. ஒரு குறையும் இல்லை. இருபது நிமிடம் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுதேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு நினைவில்லை.

மருத்துவர் கேட்டார், "உடனே கழுவினீங்களா?"

"உடனே கழுவினோம்" என்றேன்.

வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் பார்வை பாதி.

அந்த வாரங்களில் எனக்கு உறக்கம் கெட்டது தெறித்த காஸ்டிக்கை நினைத்து அல்ல, விளிம்பில் பட்டு விலகிய அந்தக் கையை நினைத்து. அவருடைய அப்பா காலத்தில் ஊர்க் கிணற்றுப் பக்கம் போக முடியாத தெரு அவர்களுடையது. கூட வேலை செய்தவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் சாதி பார்த்தா சொன்னேன்? இல்லை, சத்தியமாக இல்லை. சுத்தம் பார்த்துச் சொன்னேன். ஆனால் தண்ணீரைக் காட்டி 'தொடாத' என்று நான் கத்தியது, அவர் குடும்பம் தலைமுறையாகக் கேட்ட அதே சொல். எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

ஒன்றரை மாதம் கழித்து விசாரணை. கறுப்புக் கண்ணாடி போட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்திருந்தார். தொழிற்சாலை அதிகாரி ஒப்பந்தத்தை விரித்து வைத்துக்கொண்டார். சாதனம் அளிக்கப்பட்டதா? அளிக்கப்பட்டது. பராமரிக்கப்பட்டதா? என் டிக்குகள் வாரம் தவறாமல் இருந்தன. கற்பிக்கப்பட்டதா? பதிவேட்டில் அவருடைய கையெழுத்தே இருந்தது. அதிகாரி அவர் பக்கம் திரும்பினார்.

"பக்கத்துலயே இருந்துச்சே, ஏன் அதுல கழுவல?"

அவர் முகம் என் பக்கம் வந்தது. நான் மேசையைப் பார்த்தேன். வாயைத் திறந்திருக்கலாம். என் வேலை போயிருக்கும், அவ்வளவுதான்.

"கண்ணு தெர்ல சார். பதட்டத்துல மறந்துட்டேன்" என்றார்.

தொழிலாளி பதற்றத்தில் சாதனத்தைப் பயன்படுத்தத் தவறினார் என்று எழுதினார்கள். சாட்சியாக நானும் கையெழுத்துப் போட்டேன். ஒப்பந்ததாரர் என் தோளில் தட்டிக் கொடுத்தார்.

அவரை என் வண்டியில் பஸ் நிறுத்தத்துக்கு அழைத்துப் போனேன். மதுராந்தகம் பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். டீ வாங்கிக் கொடுத்தேன். கிளாஸ் எங்கே இருக்கிறது என்று ஒரு கணம் தடவிப் பார்த்து வாங்கிக்கொண்டார்.

"ஏன் அப்டி சொன்னீங்க?" என்று கேட்டேன். அவரை நான் 'நீங்க' என்றது அன்றுதான் முதல் தடவை.

"வேற இன்னா சொல்றது சார்? உக்காந்து பாக்கற வேல எதனா போட்டுத் தரேன்னுகிறாங்க. ரெண்டு பொண்ணுங்க கீது. உங்களக் காட்டி வுட்டா அதுவும் பூடும்."

டீயைக் குடித்தோம். லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"ஒண்ணு கேக்கட்டா சார்?"

"கேளுங்க."

"அன்னிக்கி நான் அதத் தொட்டிருந்தா, திட்டியிருப்பீங்களா?"

அவர் குரலில் கோபம் இல்லை. இந்த பஸ் படாளத்தில் நிற்குமா என்று கேட்பது போலத்தான் கேட்டார். உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பினார்.

"இல்லீங்க" என்றேன்.

காலி கிளாஸை என் பக்கம் நீட்டினார்.

"அப்ப தொட்டிருக்கலாம்" என்றார்.