நாலு அங்குலம் நீண்ட மூக்கு

எங்கள் வீட்டுக்காரர் கட்டிய விமானத்துக்கு மூக்கு போதவில்லையாம். நாலு அங்குலம் நீட்ட வேண்டுமாம். பலாபத்வலையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், தகரக் கொட்டகையில், பழைய கார் என்ஜினை வைத்து இரண்டு பேர் உட்காரும் விமானம் ஒன்றைச் சில வருடங்களாகக் கட்டிக்கொண்டிருந்தார். தேயிலைத் தோட்டத்து ஃபெக்டரியில் மெஷின் பார்த்த மனுஷன். நான் தையல்காரி. இறக்கைத் துணி முழுவதையும் தைத்தது நான்தான், அதனால் கேள்வி கேட்க எனக்கு உரிமை இருந்தது.

"இருக்கிற மூக்குக்கு என்னங்க குறைச்சல்?"

"காத்தாடி என்ஜினோட ஒட்டிக்கிட்டு இருக்குடி. கொஞ்சம் முன்னுக்குத் தள்ளி வச்சாத்தான் என்ஜின் மூடியக் கூம்பா எறக்கலாம். காத்து வழுக்கிட்டுப் போகும்."

மாத்தளையில் ஒரு லேத் கடையில் அலுமினிய உருளை ஒன்றைக் கடைந்து எடுத்து வந்தார். ஒரு பக்கம் என்ஜின், மறுபக்கம் விமானத்தை இழுக்கிற மரக் காத்தாடி, நடுவில் இந்தத் துண்டு. நீளமான ஆறு போல்ட்டுகள் மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும். பளபளவென்று அழகாகத்தான் இருந்தது. ஆனால் தண்ணீர் வாளியை இடுப்போடு அணைத்துப் பிடிப்பதற்கும் கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும். பார்த்ததுமே மனசுக்குப் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை பகல் அதை மாட்டினார். மறுநாள் பல்லேகமவில் ஒரு கூட்டாளியின் காய்ந்த வயலுக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு. "தரையில ஓட்டிப் பாக்கத்தான்" என்று எனக்குச் சொல்லியிருந்தார். அன்று காலையில் அந்தக் கூட்டாளியோடு போனில் சிங்களத்தில் பேசியது காதில் விழுந்தது. வயல் முடிகிற இடத்தில் நிற்கும் மரம் எவ்வளவு உயரம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். தரையில் ஓட்டுகிறவனுக்கு மரத்தின் உயரம் எதற்கு?

மாட்டி முடித்ததும், காத்தாடியின் நுனி உரசும்படி ஒரு முக்காலியில் குச்சியைக் கட்டி வைத்துக் கையால் சுற்றினார். ஒரு நுனி குச்சியைத் தொட்டது. மற்றது அரை விரல் தள்ளிப் போனது. இரண்டும் ஒரே தடத்தில் போக வேண்டும் என்று அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார்.

"கோணலா ஓடுதுங்க."

"புதுசுதானே, சேந்துக்கும்."

ஒரு பக்கத்துப் போல்ட்டுகளை மட்டும் இன்னும் இறுக்கினார். காத்தாடி மரம் நறநறவென்றது. இடைவெளி கொஞ்சம் குறைந்தது. அது போதும் என்று போல்ட் தலைகளைக் கழராதபடி கம்பியால் கட்டிவிட்டு, வால் பக்கத்தைத் தூணோடு கயிறு போட்டுக் கட்டி, என்ஜினைக் கிளப்பினார். கொட்டகையே உதறியது. பலகையில் இருந்த தேத்தண்ணிக் கிளாஸ் தானாக நகர்ந்துபோய்க் கீழே விழுந்து உடைந்தது. நான் போட்ட கூச்சலில் நிறுத்தினார்.

"தகரந்தான்டி ஆடுது."

"தகரமா? காத்தாடி பிச்சுக்கிட்டுப் போனா என்ன செய்வீங்க? நீங்க செத்துத் தொலைஞ்சா அப்புறம் நான் யாரப் புடிச்சுத் திட்டுறது?"

"வாயக் கழுவு. ஒண்ணும் ஆகாது." சிரித்துக்கொண்டே கை துடைத்தார்.

அந்தச் சிரிப்புதான் என்னைக் கிளப்பிவிட்டது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இரண்டாவது சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். "ஒண்ணும் ஆகாதுல்ல? அப்ப நாளைக்கு நானும் வர்றேன்."

"எறங்கு."

"ஏன்? தரையில ஓட்டத்தானே போறீங்க?"

சிரிப்பு நின்றுவிட்டது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, காத்தாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குறடு ஒன்றை எடுத்துக் கம்பியை வெட்டினார். ஆறு போல்ட்டையும் கழற்றினார்.

அலுமினியத் துண்டு என்ஜினோடு பொருந்தும் முகத்தில், ஓரமாக, தடித்த சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம். நசுங்கிக் காய்ந்து ஓடு மாதிரி ஒட்டியிருந்தது. எந்தப் புதுச் சாமானுக்கும் பொட்டு வைத்துவிட்டுத்தான் பூட்டுவார், ஃபெக்டரிப் பழக்கம். அவசரத்தில் உட்புறம் வைத்துவிட்டிருக்கிறார், அந்தத் தடிப்புதான் துண்டைச் சாய்த்திருக்கிறது. பிளேடால் சுரண்டி, பெட்ரோலில் துடைத்து, காத்தாடி மரம் நசுங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்த்து மறுபடியும் மாட்டினார். இரண்டு நுனியும் குச்சியை ஒன்றுபோலத் தொட்டன. என்ஜினைக் கிளப்பியபோது தகரம் லேசாக முனகியதோடு சரி.

"பாத்தியா, ஒரு பொட்டுதான்!" என்றார், ஏதோ பரிசு விழுந்தவர் போல.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோணல் என்று தெரிந்தேதான் கம்பி கட்டியிருக்கிறார் இந்த மனுஷன். தான் ஒருவர் மட்டும் போவதென்றால் அப்படியே போயிருப்பார்.

மறுநாள் நானும் ஏறினேன். அதற்குப் பிறகும் ஒவ்வொரு தடவையும் ஏறுகிறேன். பறக்க எனக்குத் துளி ஆசையும் கிடையாது, தரை நழுவும்போது கண்ணை மூடிக்கொள்கிறேன். ஆனால் நான் உட்கார்ந்தால்தான் அவர் போய் அந்தப் போல்ட்டுகளைத் தொட்டுப் பார்க்கிறார்.