ராவ்ட்னாவின் கோடு கெட்ட நாள்

ராவ்ட்னா எங்கள் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தது எங்கள் அதிர்ஷ்டம். முகத்துக்கு நேரே சொன்னால் தலைகால் புரியாமல் ஆடுவாள் என்பதால் இங்கே சொல்லிவைக்கிறேன்.

என் தம்பி இஸ்ஸாத்தின் பெண்டாட்டி அவள். கடற்கரைக்காரி. மீன் அரியத் தெரியும், பனிமான் மேய்க்கத் தெரியாது. வடதுருவத்தை ஒட்டிய எங்கள் ஊரான கௌட்டோகெய்னோவில் மேய்க்கத் தெரியாதவளுக்கு என்ன வேலை இருக்கிறது? ஊர் எல்லையில், வெட்டவெளியைப் பார்த்தபடி இருந்த ஆய்வு நிலையத்தில் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். நிலையத்துக்குப் பின்னால் மேட்டில் ஒரு மரக்குடில். அதில் ஓர் இரும்பாணிகூடக் கிடையாது, எல்லாம் குமிழ்த்தலை வைத்த செம்பாணி. உள்ளே ஒரு காந்த ஊசி. அந்த ஊசி அசைந்தால், மண்ணுக்கடியில் போகும் கம்பி வழியாகச் செய்தி வந்து, நிலையத்தில் ஒரு பேனா காகிதச் சுருளில் கோடு போடும். கோட்டைப் பார்த்துக்கொள்வதும், ஊசியை இழுத்துவிடும் என்பதால் குடில் பக்கம் இரும்பை அண்டவிடாததும் அவள் வேலை.

"நாள் பூரா ஒரு கோட்டையே பாக்குறியே, அதுல என்னதான்டி இருக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மந்தை இருக்கு அக்கா," என்றாள். "சூரியன்லேருந்து மின்சாரத் துகளெல்லாம் கூட்டமா ஓடி வருது. பூமியோட காந்தம் அதுக்கு எதுக்க நின்னு தடுக்காது. போற போக்குலயே பக்கவாட்டுல ஒதுக்கிவிடும். வேகம் கூடாது, குறையாது, திசை மட்டும் திரும்பும். திரும்பிக்கிட்டே இருந்தா என்ன ஆகும்? உங்க பனிமான் வேலிக்குள்ள சுத்துற மாதிரி சுத்தும். சுத்திக்கிட்டே வடக்க வந்து நம்ம தலைக்கு மேல இறங்கும். அதான் வானத்துல வெளிச்சம். அந்தக் கூட்டம் ஓடுறப்ப என் ஊசியும் ஆடும்."

"அப்ப நீயும் மேய்க்கிறவதான். ஒத்தை மான்கூட இல்லாம சம்பளம் வாங்குற," என்றேன். சிரித்தாள்.

வானத்து ஒளியைப் பார்த்து விசிலடித்தால் அது இறங்கி வந்து ஆளைத் தூக்கிப்போய்விடும், அடிக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். இரும்போடு குடிலுக்கு வரக் கூடாது என்பது அவள் சட்டம். கத்தி இல்லாமல் வெளியே போகிறவன் எங்கள் ஊரில் கால்சட்டை போடாதவனுக்குச் சமம். கல்யாணமான முதல் குளிர்காலத்தில், குடிலைப் பெருக்கிக்கொண்டிருந்த அவளுக்கு ஆசையாகக் காபி கொண்டுபோனான் இஸ்ஸாத், இடுப்பில் கத்தியோடு. தேவாலயத்திலிருந்து வந்த கூட்டம் பார்க்க, விளக்குமாற்றோடு மேட்டிலிருந்து துரத்தினாள். அதன்பிறகு அவன் அந்தக் குடிலைக் கண்டாலே சுற்றிக்கொண்டுதான் போவான்.

ஒரு தை மாதம், மந்தையைப் பார்த்துவிட்டு மதியத்துக்குள் வருவதாகச் சொல்லிப் பனிஸ்கூட்டரில் போனான். மதியம் பனிச்சூறை பிடித்துக்கொண்டது. நீட்டிய கை தெரியவில்லை. காற்று அடங்காமல் தேடப் போக முடியாது என்று ஆண்கள் சொல்லிவிட்டார்கள். அதுவரை அந்தக் குளிரில் மனுஷன் தாங்க மாட்டான் என்பது அவர்களுக்கும் தெரியும். எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளாமல், வேலி வேலியாகப் பிடித்துக்கொண்டு நிலையத்துக்குப் போனேன். ராவ்ட்னா கோட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"புருஷன் வெளிய கிடக்கான், இப்பவும் உனக்குக் கோடுதானா?"

"வேற எதைப் பாக்கச் சொல்றீங்க?" என்றாள். குரல் உடைந்திருந்தது. நான் அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

மேகத்துக்கு மேலே துகள்கூட்டம் ஓடிக்கொண்டிருந்தது போலும். கோடு மெல்ல நெளிந்தபடி இருந்தது. திடீரென்று பேனா ஒரு துள்ளுத் துள்ளி மேலே ஏறி, அங்கேயே நின்றது.

"வானமா?" என்றேன்.

"வானம் ஆடுனா இப்படி ஏறி நிக்காது, அலைஞ்சுகிட்டே இருக்கும். இது இரும்பு. குடில்கிட்ட ஸ்கூட்டர் நிக்குது." சொல்லும்போதே குளிரங்கியை எடுக்க எழுந்துவிட்டாள். கை அங்கிக்குள் நுழையுமுன் பேனா இறங்கத் தொடங்கியது. கொஞ்சம் இறங்கி நின்றது. மறுபடி கொஞ்சம். கடைசியில் பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

"போயிட்டான்," என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். "கிட்ட வந்தவன் திரும்பிப் போயிட்டான்டி."

அவள் காகிதத்தையே பார்த்தாள். பிறகு அழுகையும் சிரிப்புமாக ஒரு சத்தம் வந்தது அவளிடமிருந்து.

"போகல அக்கா. ஓட்டிட்டுப் போயிருந்தா ஒரே மூச்சுல இறங்கியிருக்கும். இது நின்னு நின்னு இறங்குது. யாரோ வண்டியைத் தள்ளிட்டுப் போயிருக்காங்க. உசிரு போற நேரத்துல, என் ஊசி கெட்டுரும்னு வண்டியைத் தள்ளி வைக்கிற முட்டாள் இந்த உலகத்துல ஒருத்தன்தான் இருக்கான்."

நீளக் கயிற்றின் ஒரு முனையை வாசல் கம்பத்தில் கட்டினாள், மறுமுனையை இடுப்பில் கட்டிக்கொண்டாள். தினமும் நடக்கும் பாதை, கால்களுக்கு மனப்பாடம். நான் வாசலில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த ஜெபத்தையெல்லாம் தப்பும் தவறுமாகச் சொன்னேன். கயிறு இரண்டு தரம் வெட்டி இழுத்தது. என் பலம் முழுவதையும் போட்டு இழுத்தேன். வெள்ளைக்குள்ளிருந்து அவள் வந்தாள், அவனை முதுகில் சாய்த்து இழுத்தபடி.

அவன் பின்னால் சொல்லித்தான் தெரிந்தது: எண்ணெய் தீர்ந்து வண்டி நின்ற இடத்தில் கை நீட்டியிருக்கிறான், மரச்சுவர் பட்டிருக்கிறது. குமிழ் குமிழான ஆணித்தலைகளைத் தடவிப் பார்த்து எந்தச் சுவர் என்று தெரிந்துகொண்டிருக்கிறான். உடனே வண்டியைச் சரிவில் தள்ளிக்கொண்டுபோய் விட்டு, கத்தியையும் அங்கேயே எறிந்துவிட்டு வந்து, சுவரோரம் சுருண்டிருக்கிறான். மிச்சமிருந்த தெம்பெல்லாம் அதற்கே போய்விட்டது.

அவன் பாதங்களை ராவ்ட்னா தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துச் சூடாக்கினாள். வெகுநேரம் கழித்துத்தான் அவனுக்கு வாய் திறந்தது. கர்த்தருக்கும் அவளுக்கும், எதற்கும் இருக்கட்டும் என்று அந்த ஊசிக்கும் மனதாரச் சேர்த்தே நன்றி சொன்னேன்.

"உன் கோடு கெட்டுப்போச்சா?" என்று கேட்டான்.

"கெட்டுச்சு," என்றாள். "கெட்டதாலதான் நீ இருக்க. இன்னொரு தடவை வழி தப்புனா, அந்தச் சுவத்துல வண்டியை முட்டி நிறுத்திட்டு அங்கயே இரு. நான் வரேன்."