மேலதிகாரிக்கு ஒரு பிழை

டெல்லியில் எங்கள் அலுவலகத்தில் எந்த வரைவும் பிழையில்லாமல் மேலே போகக் கூடாது. இது யாரும் எழுதி வைக்காத விதி. சேர்ந்த புதிதில் அது தெரியாமல், சுத்தமான ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதி நீட்டினேன். பெண்கள் கழிப்பறையில் குழாய் ஒழுகுகிறது, சரிசெய்யவும் என்பதுதான் விஷயம். எங்கள் பிரிவு அதிகாரி கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். திருத்த ஒன்றும் கிடைக்கவில்லை. வெறும் கையெழுத்து மட்டும் போட்டால் அதிகாரிக்கு என்ன மரியாதை? இரண்டாவது பத்தியை முழுதாக வெட்டிவிட்டார். எந்த மாடி என்று அதில்தான் எழுதியிருந்தேன். பிளம்பர் வந்து எங்கள் மாடியைத் தவிர எல்லா மாடிகளையும் பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்.

பிரிவில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பிறகுதான் கவனித்தேன். ஒவ்வொரு வரைவிலும் ஒரு வினைச்சொல்லை வேண்டுமென்றே மாற்றிப் போடுவார்கள். கடன் வாங்குவதற்கு ‘பாரோ’ என்று எழுத வேண்டிய இடத்தில், கடன் கொடுப்பதற்கான ‘லெண்ட்’. ‘டீச்’ வர வேண்டிய இடத்தில் ‘லேர்ன்’. குழந்தை கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைப்பதில்லையா, அந்த மாதிரி. அதிகாரியின் கண் நேராக அங்கே போய் நிற்கும். “அரே மேடம், வெர்ப்! வெர்ப்!” என்று தலையில் அடித்துக்கொண்டு சிவப்புப் பேனாவால் ஒரு சுழி போடுவார். வயிறு நிறைந்துவிடும். மற்ற வரிகள் தப்பிக்கும். நானும் கற்றுக்கொண்டேன்.

அவர் ஓய்வு பெற்றார். அந்த நாற்காலிக்கு என்னைவிடச் சின்னப் பெண் ஒருத்தி வந்தாள். டெல்லியிலேயே பிறந்த தமிழ்ப் பெண். தமிழ் பேசுவாள், படிக்க வராது. அவள் வந்த கையோடு எனக்குப் போபாலுக்கு மாற்றல் வந்தது.

என் மகள் அப்போது லோதி ரோடு பள்ளியில் பிளஸ் டூ. அவள் அப்பாவுக்குக் கப்பலில் வேலை, பாதி வருடம் கடலில் இருப்பார். நான் கிளம்பினால் அவளும் கிளம்ப வேண்டும். ஆகவே பரீட்சை முடியும்வரை மாற்றலைத் தள்ளிவைக்கும்படி விண்ணப்பம் எழுதினேன். பிள்ளை நடு வருடத்தில் பள்ளி மாறினால் சிக்கல்கள் ‘அரைஸ்’ ஆகும் என்று எழுத வேண்டிய இடத்தில், வழக்கப்படி ‘ரெய்ஸ்’ என்று ஒரு பொட்டு வைத்தேன்.

புது அதிகாரி படித்தாள். தலையாட்டினாள். ஒரு எழுத்தைக்கூடத் தொடாமல் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பிவிட்டாள்.

அது நேராக ஜாயின்ட் செக்ரட்டரி மேசைக்குப் போகும். அந்த மனிதரின் முதுகைத்தான் லிஃப்டில் பார்த்திருக்கிறேன். ஆங்கிலம் சரியில்லை என்று ஃபைலைத் தூக்கி எறிகிறவர் என்று பேர். மெதுவாக அவள் அறைக்குப் போனேன்.

“மேடம், அந்த அப்ளிகேஷன்ல ஒரு மிஸ்டேக் இருந்துச்சே…”

“அச்சா, அதுவா? பார்த்தேன் மேடம். எங்கப்பாவும் இதே மாதிரி ஆஃபீஸ்தான். கீழ இருக்கறவங்களே எல்லாத்தையும் திருத்திட்டா மேல ஒண்ணும் மிஞ்சாதும்பார். பெரிய சாருக்கும் பசிக்கும் இல்ல? அதான் விட்டுவெச்சேன்.”

இவளைக் கட்டிக்கொள்வதா, கழுத்தை நெரிப்பதா என்று தெரியவில்லை.

ஃபைல் வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. காலையில், “ஏட்டி, எந்திரி, பஸ் போயிரும்” என்று மகளை உலுக்குவேன். “ஏக் மினிட் மம்மி” என்று அவள் திரும்பிப் படுப்பாள். இந்தப் பிள்ளையைப் போய் நடு வருடத்தில் பிடுங்கி வேறு ஊரில் நடுவதா என்று கட்டிலோரம் உட்கார்ந்துவிடுவேன்.

ஃபைல் வந்தது. ‘ரெய்ஸ்’ மேல் பச்சை மையில் இரட்டைச் சுழி. பக்கத்தில் ‘அரைஸ்’ என்று ஆனந்தமாக, கொட்டை எழுத்தில். அதன் கீழே, பரீட்சை முடியும்வரை மாற்றலை நிறுத்தி வைக்கலாம். அதற்கும் கீழே இன்னொரு வரி: இவரை உடனே அடிப்படை ஆங்கிலப் பயிற்சிக்கு அனுப்பவும்.

முதல் வரிக்கு அழுகை வந்தது, இரண்டாவதற்குச் சிரிப்பு. சாயங்காலம் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் இறங்கி நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கி வழியெல்லாம் தின்றுகொண்டே வீட்டுக்குப் போனேன்.

அந்தக் கட்டடத்துக் கடிதங்களில் பாதியை எழுதிய நான், பயிற்சி வகுப்பின் முதல் பெஞ்சில் புது நோட்டோடு உட்கார்ந்தேன். பயிற்சியாளர் ஆர்வமான மனிதர். சூரியன் தானாக எழுந்தால் ‘ரைஸ்’, கையை நாம் தூக்கினால் ‘ரெய்ஸ்’ என்று தன் கையைத் தூக்கிக் காட்டினார். தான் படுத்தால் ‘லை’, ஒன்றைக் கிடத்தினால் ‘லே’. தமிழில் இந்தத் தொல்லையே கிடையாது. எழு, எழுப்பு. கிட, கிடத்து. நான் எழுகிறேன், மகளை எழுப்புகிறேன். அதில் எது கஷ்டம் என்று எந்தத் தாயைக் கேட்டாலும் சொல்வாள். அவர் சொன்னதையெல்லாம் பவ்வியமாக எழுதிக்கொண்டேன். மகளின் ஒரு வருடத்துக்கு இந்த விலை கொள்ளை மலிவு.

கடைசியில் ஒரு தேர்வு வைத்தார். எல்லாவற்றையும் சரியாக எழுதினேன், ஒன்றைத் தவிர. பாவம், அவர் கையிலும் சிவப்புப் பேனா இருந்தது.