ஊரு இதோட சரிங்க

கிளியனூர்ப் பக்கத்து அரங்கநாதனைக் கெட்டவர் என்று யாரும் சொன்னதில்லை. நிலக்கடலை விளையும் கொஞ்சம் மல்லாட்டைக் கொல்லை, ஒரு கறவை மாடு, நல்லது கெட்டது எதுவானாலும் முதல் ஆளாக நிற்கும் பழக்கம். வாய் மட்டும் பெரிது. யார் வழி கேட்டாலும் அவர்தான் முந்திக்கொண்டு சொல்லுவார். அந்த வாய்தான் கெடுத்தது.

பெஞ்சல் புயல் அடித்த மூன்றாம் நாள், திண்டிவனத்திலிருந்து அரிசியும் தார்பாயுமாக ஒரு லாரி வந்தது. டிரைவர் தலையை நீட்டி, "இதுக்கு அந்தாண்ட ஊரு இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

ஓடைக்கு அந்தப் பக்கம் மாதா கோயில் தெரு. நாற்பது வீடுகள். அங்கே கூரைகள் பறந்ததை அரங்கநாதன் கண்ணாலேயே பார்த்திருந்தார். ஆனாலும் லாரி அங்கே போய்விட்டால் நமக்கு என்ன மிஞ்சும் என்று மனசு அடித்துக்கொண்டது.

"ஊரு இதோட சரிங்க" என்றார்.

பொய் என்றும் சொல்ல முடியாது. ஊர் என்றால் ஓடைக்கு இந்தப் பக்கம்தான். அந்தப் பக்கம் வெறும் 'தெரு'. அவர் அப்பா காலத்திலிருந்தே பேச்சு அப்படித்தான். அந்தப் பேச்சுக்குள் ஒளிந்துகொண்டு மனுஷன் இரண்டு தார்பாய் வாங்கிக்கொண்டார்.

அன்றைக்குச் சாயங்காலமே, வேர் ஊறிப்போயிருந்த வேப்பமரம் அவருடைய மாட்டுக் கொட்டகை மேல் சாய்ந்தது. மாடு உள்ளே மாட்டிக்கொண்டது. ஊரில் அவரவர் வீட்டு வேலையே தலைக்கு மேல் கிடந்தது. விடிந்ததும் முழங்கால் தண்ணீரில் ஓடையைக் கடந்து, கூப்பிடாமலே வந்து நின்றவர்கள் மாதா கோயில் தெருக்காரர்கள். அவர் கொல்லைக்குக் களை எடுக்க வரும் ஜெசிந்தாவும் இன்னும் எட்டுப் பேரும், கையில் ரம்பமும் கயிறும்.

"மாடு கத்திக்கினே கீதுன்னு சொன்னாங்க. அதான் ஜல்தியா வந்துட்டோம்ணே" என்றாள் ஜெசிந்தா.

மரத்தை அறுத்து, மாட்டை வெளியே இழுத்து, புதுக் கம்பு நட்டார்கள். அரங்கநாதனின் மனைவி உள்ளேயிருந்து தார்பாயைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். ஜெசிந்தா ஏணியில் ஏறி அதைக் கட்டினாள்.

"நல்ல கெட்டி தார்பாய்ணே. எங்க வாங்கினீங்க? எங்க ஊட்டு மேல வெறும் வானந்தான். பசங்க நனைஞ்சிக்கினே தூங்குதுங்க."

"பாண்டியில" என்றார் அரங்கநாதன். சொன்ன வாயைக் கிழித்துப்போடலாம் போலிருந்தது அவருக்கு.

அப்போதுதான் அதே லாரி மறுபடி வந்து நின்றது. மேலே இதே நீலத் தார்பாய்கள் அடுக்கியிருந்தன.

"என்னங்க பெரியவரே, ஊரு இதோட சரின்னீங்க? அந்தாண்ட நாப்பது வீடு கீதாமே?" என்றார் டிரைவர்.

எல்லாருடைய கையும் நின்றது. ஜெசிந்தா லாரியைப் பார்த்தாள், தன் கையிலிருந்த தார்பாயைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் கடைசி முடிச்சையும் போட்டு, இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினாள்.

அரங்கநாதன் லாரிக்கு முன்னால் வந்து நின்றார். "நான் வர்றேம்மா... லாரிக்கு வழி காட்டுறேன்" என்றார்.

"வேணாம்ணே. எங்க தெருவுக்கு எங்களுக்கு வழி தெரியும்."

லாரி அவர்களை ஏற்றிக்கொண்டு தெருவுக்குப் போனது. அரங்கநாதன் வீட்டுக்குள் மடித்து வைத்திருந்த இன்னொரு தார்பாயைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓடையில் இறங்கினார். அறுபது வயதில் அந்தத் தெருவுக்குள் அவர் கால் வைத்தது அன்றுதான். ஜெசிந்தாவின் வீடு எது என்று அவருக்குத் தெரியவில்லை. எதிரே ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். வழி கேட்க அவருக்கு வாய் வரவில்லை.