எதிர்த்தரப்பிலிருந்து வந்த சாட்சி

எண்பத்தைந்து, எண்பத்தாறு வாக்கில் நடந்தது இது. அப்போது நான் பாப்பிரெட்டிப்பட்டியில் அம்மா வீட்டில் இருந்தேன். என்னைக் கட்டிக்கொடுத்த இடம் மாரண்டஹள்ளி. கணவருக்கு ஓசூரில் கம்பெனி வேலை. வாராவாரம் வந்துகொண்டிருந்தவர், மாதம் ஒருமுறை வர ஆரம்பித்தார். அங்கே வேறொரு பெண்ணோடு பழக்கம் என்பது ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அழுதேன், சண்டை போட்டேன், பெரியவர்களை வைத்துப் பேசிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பிரிந்து ஒரு வருஷம் கழித்து, இரண்டு பேரும் சம்மதித்தே விவாகரத்துக்கு மனு போட்டோம். அதில் எனக்குப் பெரிய வருத்தம்கூட இல்லை. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர் வேலை கிடைத்திருந்தது; மகளும் கூடவே வந்து விளையாடிக்கொண்டிருப்பாள். குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்பதை மட்டும் அந்த மனுவில் நாங்கள் எழுதவில்லை. என்னோடுதானே இருக்கிறாள், இதில் கேட்க என்ன இருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

என் கணவருக்கு ஒரு அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். சிறு வயதிலேயே கணவரை இழந்து, பிள்ளை குட்டி இல்லாமல் பிறந்த வீட்டிலேயே இருந்தவர். என் மகள் பிறந்த நாளிலிருந்து அவளைக் குளிப்பாட்டியதும் இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்ததும் அவர்தான். மனு போட்ட கொஞ்ச நாளில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மாரியம்மன் பண்டிகைக்குக் குழந்தையைக் கூட்டிப் போய்விட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவதாகச் சொன்னார். நானும் நல்ல துணி போட்டு அனுப்பி வைத்தேன்.

பண்டிகை முடிந்தும் குழந்தை வரவில்லை. தேடிப் போனோம். மாமனார் வாசலிலேயே நிறுத்தி, "எங்க வூட்டுப் பிள்ளை எங்க வூட்டுலயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். அண்ணி வெளியே வரவே இல்லை. ஊர்ப் பெரியவர்களும் அதையேதான் சொன்னார்கள். விவாகரத்து என்று போய்விட்டால் குழந்தை அப்பனுக்குத்தான் என்று என் சொந்தக்காரர்களே பேசினார்கள். மகளுக்கு அப்போது நாலரை வயது. எனக்குச் சோறு இறங்கவில்லை. என் தம்பி ஒரு வேன் பிடித்துக்கொண்டு போய்த் தூக்கி வந்துவிடுகிறேன் என்று குதித்தான்.

அதற்கு முன்னால் தர்மபுரியில் எங்கள் வக்கீலைப் போய்ப் பார்த்தோம். அவர் முதலில் தம்பியைத்தான் பிடித்தார். "தூக்கிட்டு வந்தீங்கன்னா, அவங்க செஞ்ச தப்பை நீங்களும் செஞ்சதா ஆயிடும். ஜட்ஜ் முன்னால நம்ம பேச்சு எடுபடாதுங்க" என்றார்.

பிறகு எனக்குப் பொறுமையாக விளக்கினார். அப்பா சட்டப்படி கார்டியன் என்பது வேறு, குழந்தை யாரோடு இருந்து வளர வேண்டும் என்பது வேறு. ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தை பெரும்பாலும் தாயிடம்தான் இருக்கும். மகளுக்குச் சீக்கிரமே ஐந்து முடிந்துவிடுமே என்று பதறினேன். ஐந்து முடிந்த மறுநாளே யாரும் பிடுங்கிக் கொடுத்துவிட மாட்டார்கள், குழந்தைக்கு எது நல்லது என்றுதான் கோர்ட் பார்க்கும் என்றார். ஊர்ப் பேச்சு இதைத் தீர்மானிக்க முடியாது என்றும் சொன்னார். விவாகரத்து மனு இருந்த அதே கோர்ட்டிலேயே குழந்தையைக் கேட்டு இன்னொரு மனு போட்டார்.

விசாரணை நாளன்று என் கணவரும் அண்ணியும் குழந்தையோடு வந்திருந்தார்கள். எத்தனையோ வாரம் கழித்து அவளைப் பார்க்கிறேன். ஓடிப்போய்க் கையை நீட்டினேன். அவள் அண்ணியின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அந்த நிமிஷம் எனக்கு எப்படி இருந்தது என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. இனி எந்தச் சட்டம் இருந்து என்ன என்றுதான் தோன்றியது.

ஜட்ஜ் எங்களை அவருடைய அறைக்குள் கூப்பிட்டார். குழந்தையிடம் ஒரு பேனாவைக் கொடுத்துக் கொஞ்ச நேரம் விளையாட்டுக் காட்டிவிட்டு, யாரோடு இருக்கப் போகிறாய் என்று கேட்டார். "அத்தை" என்றாள். என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தாய்தான் குழந்தையை வேண்டாம் என்று அனுப்பிவிட்டாள் என்பது அவர்கள் பக்கத்து வாதம். ஜட்ஜ் அண்ணியைப் பார்த்து, இந்தக் குழந்தை எப்படி உங்களிடம் வந்தது என்று கேட்டார்.

என் கணவர் அண்ணிக்கு ஏதோ எடுத்துக் கொடுக்கப் பார்த்தார். ஜட்ஜ் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அவ அனுப்பலைங்க. பண்டிகைக்குன்னு சொல்லி நாந்தான் கூட்டியாந்தேன்" என்றார் அண்ணி. "பகல்ல எங்கிட்ட நல்லாத்தான் இருக்குதுங்க. தூக்கத்துல முழிச்சா அம்மான்னுதான் தேடுது. எனக்கு வேற யாரும் இல்லைங்க, அதான் வெச்சுக்கிட்டேன். பொய் சொல்லி வெச்சுக்க மனசு வரலைங்க."

அந்தக் குழந்தை அங்கேயே இருந்தால் எல்லாரையும்விட லாபம் அவருக்குத்தான். அவர் வாயாலேயே அதை விட்டுக்கொடுத்தார். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

விவாகரத்துத் தீர்ப்பு வரும் வரை மகள் என்னிடம் இருக்கட்டும், அப்பா மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கலாம் என்று ஜட்ஜ் உத்தரவு போட்டார். ஆனால் வெளியே வந்தால் குழந்தை என்னிடம் வரமாட்டேன் என்கிறாள். அழுது தேம்புகிறாள். தம்பி அவளைத் தூக்கப் போனான். நான் தடுத்துவிட்டு அண்ணியிடம், "நீங்களும் கூட வாங்கண்ணி. அவளுக்குப் பழகுற வரைக்கும் எங்க வூட்டுல இருங்க" என்றேன். அம்மா என்னை முறைத்தாள். அண்ணி கட்டிய புடவையோடு எங்கள் பஸ்ஸில் ஏறினார்.

ஒரு வாரம் போல இருந்தார். முதல் இரண்டு நாள் அம்மா அவரோடு பேசவே இல்லை. அப்புறம் அண்ணி களி கிண்டிய பக்குவத்தைப் பார்த்துவிட்டுத் தானாகவே பேச ஆரம்பித்தாள். குழந்தை மெல்ல மெல்ல என் மடிக்கு வந்தாள். அண்ணி ஊருக்குக் கிளம்பும் அன்று, குழந்தை தூங்கும்போது போய்விடலாமே என்று நான் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. சொல்லாமல் போனால், நீயும் ஒரு நாள் காணாமல் போய்விடுவாய் என்று பயந்துகொண்டே இருப்பாள் என்றார். பஸ் ஸ்டாண்டில் நின்று முழுப் பரீட்சை லீவுக்கு வருகிறேன் என்று குழந்தை டாட்டா காட்டினாள்.

லீவுக்கு அவள் அத்தையிடம் போவதைத் தீர்ப்பிலேயே எழுதச் சொல்லி வக்கீலிடம் கேட்டேன். அத்தைக்கு அப்படி உரிமை எதுவும் இல்லையே, நீங்களாக எதற்கு எழுதித் தருகிறீர்கள் என்று அவருக்கு ஆச்சரியம். இருக்கட்டும் எழுதுங்கள் என்றேன். விவாகரத்துத் தீர்ப்பு வந்தபோது அதுவும் சேர்ந்து வந்தது. படித்து முடிக்கும் வரை ஒவ்வொரு பெரிய லீவுக்கும் என் மகள் மாரண்டஹள்ளியில்தான் இருந்தாள். அவள் அப்பா அந்த ஓசூர்ப் பெண்ணையே கட்டிக்கொண்டார். அவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலும் தவறாமல் வந்தார். நான் சத்துணவு வேலையிலேயே ஓய்வு பெற்றேன். எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

இன்றைக்கு யாராவது ஒரு பெண் விவாகரத்து என்று வந்து கண்ணைக் கசக்கினால், குழந்தை விஷயத்தை முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்கு, ஆத்திரத்தில் யார் வீட்டிலிருந்தும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடாதே என்று சொல்வேன். அதோடு, அந்தப் பக்கத்திலும் உன் குழந்தைமேல் உயிரையே வைத்திருக்கும் ஒருவர் இருக்கலாம், அவரை எதிரியாக்கிவிடாதே என்றும் சொல்வேன். ஏனென்றால் என் மகளை எனக்குத் திருப்பித் தந்தவர் அப்படிப்பட்ட ஒருவர்தான்.