மீற்றர் கவுண்டரில் மூன்று குளிர்காலம்

கறண்ட் பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிற எவரும் சிரித்தபடி வருவதில்லை. அவர்களுக்குப் பதில் சொல்லச் சம்பளம் வாங்குகிறவரும் அதிக நாள் சிரிப்பதில்லை.

யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் பௌதிகம் படிப்பித்த நான், எழுபதுகளின் நடுவில் மெல்பேர்னுக்கு வந்து, ஒரு மின்சார அலுவலகத்தின் விசாரணைக் கவுண்டரில் உட்கார்ந்தேன். ஓமின் விதியையே கரும்பலகையில் போட்டுக் கிழித்தவளுக்கு ஒரு மீற்றரை விளங்கப்படுத்துவது பெரிய வேலையா என்று நினைத்தேன். வாடகை பிளாற் வீட்டில் போர்வைக்குள் சுருண்டு கிடந்து குளிர்காலம் கழித்த வாசகர்களே, நீங்கள் இந்த இடத்தில் சிரிப்பது எனக்குக் கேட்கிறது.

எதிர்ப்பக்கம் சுற்றும் முள்

அந்தக்கால மீற்றரில் வரிசையாகச் சின்னச் சின்ன வட்டங்கள் இருக்கும். ஒன்றின் முள் வலப்பக்கம் சுற்றினால் அடுத்ததன் முள் இடப்பக்கம் சுற்றும். முள் இரண்டு எண்களுக்கு நடுவில் நின்றால் சிறிய எண்ணை எடுக்க வேண்டும். உள்ளே பற்சக்கரங்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் வருகிற சங்கதி இது, அதில் ஒரு மர்மமும் இல்லை.

கார்த் தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு கிரேக்கர் வந்தார். அவருக்குப் படம் கீறினேன். இரண்டு பற்சக்கரங்களுக்குப் பதிலாக என் இரண்டு கைவிரல்களையும் கோத்துச் சுற்றிக் காட்டினேன். அரை மணித்தியாலம் பொறுமையாகக் கேட்டார். நல்ல மாணவன் என்று மகிழ்ந்திருந்தபோது எழும்பித் தொப்பியைப் போட்டுக்கொண்டு சொன்னார்: “எல்லாம் ஒரே பக்கம் சுத்தினால் எங்களுக்கு விளங்கிவிடும் எண்டுதானே இப்பிடிச் செய்து வைச்சிருக்கிறியள்?”

கையெழுத்து

இரவு நேரத்துக் கறண்டுக்கு மலிவான கட்டணம் ஒன்று இருந்தது. அதற்குத் தனி மீற்றர் பூட்ட வேண்டும். பூட்டுவதற்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். பில் கட்டுகிறவர் குடியிருப்பவர். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் யாரோ, அவர் சொந்த வீட்டில் இருந்திருப்பார்.

எட்டு பிளாற் வைத்திருந்த ஒரு வீட்டுக்காரர் வேறு அலுவலாகக் கவுண்டருக்கு வந்தார். விட்டேனா? விண்ணப்பப் படிவத்தை எடுத்து நீட்டி, குடியிருப்பவர்களுக்கு எவ்வளவு வசதி என்று உருக்கமாக விளக்கினேன். அவர் படிவத்தை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்: “குளிருறது அவைக்கு. கையெழுத்துப் போட்டுக் கை நோகிறது எனக்கோ?”

செங்கல் வாடகை

எங்கள் பிளாற்றில் அந்த மலிவுக் கட்டண ஹீற்றர் ஏற்கெனவே இருந்தது. பெட்டி நிறையச் செங்கல். இரவு முழுக்கச் செங்கல் சூடேறும். பகல் முழுக்க அந்தச் சூட்டை வெளியே விடும். இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு உலகத்தில் இல்லை என்று தினமும் பத்துப் பேருக்குச் சொல்வேன்.

என் கணவருக்கு ஒரு தொழிற்சாலையில் படம் வரைகிற வேலை. காலை ஏழு மணிக்கு இருவரும் வீட்டைப் பூட்டினால் பின்னேரம் ஆறு மணிக்குத்தான் திறப்போம். அப்போது செங்கல் தன் கடமையை முடித்து ஆறிப்போய் இருக்கும். ஒரு நாள் இவர் ஓவர்கோட்டைக் கழற்றாமலே குசினிக் கதிரையில் இருந்து சோறு சாப்பிட்டபடி சொன்னார்: “பகல் முழுக்க இந்தக் கதிரையள்தான் குளிர் காயுதுகள். வாடகையிலை பாதியை அதுகளிட்டை வாங்கும்.”

பச்சைத்தண்ணீர் வைத்தியம்

மதுரையிலிருந்து வந்திருந்த இளம் டாக்டர் ஒருவர் கவுண்டரில் என் நெற்றிப் பொட்டைப் பார்த்ததும், “மேடம், தமிழா?” என்றார். “ஓம்” என்றேன். நான் ஏதோ மந்திரம் சொல்லத் தொடங்கிவிட்டதாக நினைத்து அவர் ஒரு கணம் காத்திருந்தார். “ஆமா” என்று மொழிபெயர்த்தேன்.

சுடுதண்ணீர்த் தாங்கி பழுது என்பது அவருடைய முறைப்பாடு. விசாரித்தேன். காலையில் எழும்பியதும் சுவிச்சைப் போடுவாராம். வேலைக்குப் போகும்போது அணைப்பாராம். இரவு படுக்குமுன் ஆபத்து வேண்டாம் என்று, அணைந்துதான் இருக்கிறதா என மறுபடியும் பார்த்து உறுதிப்படுத்திக்கொள்வாராம். அது இரவில் மட்டும் தண்ணீரைச் சுடவைக்கிற தாங்கி, சுவிச்சைத் தொடவே கூடாது என்றேன். மூன்று வாரம் யூலை மாதத்துக் குளிரில் பச்சைத்தண்ணீரில் குளித்த மனிதர் தலையில் கை வைத்தார்: “போச்சு மேடம். இந்த ஊர்க்காரங்க எல்லாரும் பச்சத்தண்ணியிலதான் குளிக்கிறாங்க, அதான் இவ்வளவு ஆரோக்கியமா இருக்காங்கன்னு அம்மாவுக்கு லெட்டர் எழுதிட்டேனே!”

சேமிக்கச் சேமிக்க

மிஸிஸ் ஹார்ட்லி என்ற விதவை, ஐந்தாம் இலக்க பிளாற்றில் தனியாக இருந்தார். முதல் தடவை வந்தபோது பில் கூடிவிட்டது என்றார். ஹீற்றரைக் குறைத்துப் பாவியுங்கள் என்றேன். அடுத்த தடவை, ஹீற்றரைக் குறைத்தும் கூடிவிட்டது என்றார். மூன்றாம் தடவை கம்பளிக் கையுறையைக் கழற்றாமலே பேசினார். ஹீற்றரை அடியோடு நிறுத்தி, பகலில் பஸ் ஏறி நூலகத்துக்குப் போய்ச் சூட்டில் இருந்துவிட்டு வருகிறாராம். பில் இன்னும் ஏறியிருந்தது. எங்கள் மேலாளர் கெவினிடம் கேட்டேன். “மீற்றர் பொய் சொல்லாது” என்றார். அது எங்கள் அலுவலகத்தின் வேதவாக்கு. மிஸிஸ் ஹார்ட்லியிடம் அதையே சொன்னேன். அவர் கையுறைக் கையால் பில்லை மடித்தார். அந்த மடிப்பைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

கவுண்டர் ஊழியர் வாடிக்கையாளரின் மீற்றருக்குக் கிட்டப் போகக்கூடாது என்பது விதி. எனக்கோ வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆனாலும் ஒரு சனிக்கிழமை காலை போனேன். அவருடைய வீட்டில் இருந்த எல்லாச் சுவிச்சையும் அணைத்தோம். கீழே இறங்கி மீற்றர் பலகையில் ஐந்து என்று எழுதியிருந்ததைப் பார்த்தோம். சக்கரம் பம்பரமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஏழு என்று எழுதிய மீற்றர் அசையாமல் நின்றது. மேலே போய் ஏழாம் இலக்கக் கதவைத் தட்டினேன். அரைக் காற்சட்டையும் வெறும் மேலுமாக ஒரு வாலிபர் திறந்தார். உள்ளே இருந்து வந்த சூடு என் முகத்தில் அடித்தது. ஹீற்றரை ஒரு நிமிடம் அணைக்கச் சொல்லிவிட்டுக் கீழே ஓடினேன். ஐந்தாம் இலக்கச் சக்கரம் நின்றிருந்தது.

யாரோ பெயின்ற் அடித்தபோது இலக்கங்களை மாற்றி எழுதிவிட்டார்கள். இரண்டு வருடமாக அந்த வாலிபருடைய ஹீற்றருக்கு மிஸிஸ் ஹார்ட்லி பில் கட்டிக்கொண்டிருந்தார். வாலிபர் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிவந்து, இந்த ஊரில் கறண்ட் மலிவு என்றல்லவா நினைத்தேன் என்று திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார். மிஸிஸ் ஹார்ட்லி கையுறைகளை மெதுவாகக் கழற்றினார்: “மன்னிப்பு இருக்கட்டும் தம்பி. உன்ரை அறையிலை கொஞ்ச நேரம் இருக்க விடு. நான் காசு குடுத்த சூடு எப்பிடி இருக்குது எண்டு பாக்கவேணும்.”

பதினொரு படிவம்

திங்கட்கிழமை நடந்ததை எழுதிக் கெவினின் மேசையில் வைத்தேன். என் பக்கத்துக் கதிரையில் இருபது வருடமாக உட்கார்ந்திருந்த டொரீன், “போறதுக்கு முதல் உன்ரை தேத்தண்ணிக் கோப்பையை எனக்குத் தந்திட்டுப் போ” என்று ஆறுதல் சொன்னாள்.

பின்னேரம் கெவின் கூப்பிட்டார். ஒரு எலக்ட்ரீசியன் போய்ப் பார்த்து நான் எழுதியது சரி என்று சொல்லிவிட்டார். மிஸிஸ் ஹார்ட்லிக்கு அவர் கட்டிய பணம் திரும்பப் போகும். என் வேலையும் இருக்கும். இதையெல்லாம் சாவு வீட்டுக் குரலில் சொன்னார். “உங்களுக்குச் சந்தோசமில்லையா, மிஸ்டர் கெவின்?” என்றேன். அவர் ஒரு காகிதக் கட்டைத் தூக்கிக் காட்டினார்: “நீ பிழை விட்டிருந்தால் ஒரு கடிதத்தோடை முடிச்சிருப்பன். நீ சரியாய்ச் சொன்னபடியால் நான் பதினொரு படிவம் நிரப்பவேணும்.”

மூன்று குளிர்காலம் அந்தக் கவுண்டரில் இருந்து நான் படித்த பௌதிகம் இதுதான்: மீற்றர் பொய் சொல்வதே இல்லை, அது யாரைப் பற்றிச் சொல்கிறது என்பதை மட்டும் நாங்கள்தான் படி ஏறி இறங்கி விசாரிக்க வேண்டும்.